அளந்து எழுதின பக்கம்

கார் பத்திரிகை என்றதும் நிறையப் பேருக்கு நடுப்பக்கத்தில் மடித்து வைத்த போஸ்டர்தான் நினைவுக்கு வரும். எனக்கு வேறொன்று. ரோடு டெஸ்ட் கட்டுரை முடிகிற இடத்தில், பொடி எழுத்தில், பக்கத்தின் ஓரமாக இறங்கி வரும் அந்த அட்டவணை. நின்ற இடத்திலிருந்து 60, 80, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி. மூன்றாவது கியரில் 20லிருந்து 80க்கு எவ்வளவு நேரம், நான்காவதில் 40லிருந்து 100க்கு எவ்வளவு நேரம். 80இல் போகும்போது பிரேக்கை மிதித்தால் எத்தனை மீட்டரில் நிற்கும். ஊருக்குள் லிட்டருக்கு எவ்வளவு, ஹைவேயில் எவ்வளவு. எடை, டயர் அளவு, டிக்கியின் கொள்ளளவு. எழுதியவர் காரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், பிடிக்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருந்தாலும் கடைசியில் அந்த அட்டவணைக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அச்சுக் கார் பத்திரிகைகள் மெலிந்துகொண்டே வருவதைப் பற்றி வருத்தப்படுகிறவர்கள் வழவழப்பான தாளைப் பற்றியும், மாசப் பிறப்புக்குக் காத்திருந்ததைப் பற்றியும் சொல்வார்கள். அதெல்லாம் எனக்கும் உண்டு. ஆனால் என் ஆதங்கம் அதில் இல்லை. காரைப் பற்றிய பேச்சு இன்று எப்போதையும்விட அதிகம். போனில் விரல் வைத்தால் கொட்டுகிறது. குறைந்துபோனது அளக்கிற வேலை. ஒரே அளவுகோலை எல்லாக் காருக்கும் வைத்து, வந்த எண்ணை அப்படியே அச்சில் ஏற்றி, கீழே பெயரும் போட்டு, காசு கொடுத்து வாங்குகிறவன் கையில் கொடுக்கிற வேலை. அதைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்திரிகைகள் நம் நாட்டில் எப்போது வேர்விட்டன என்று பார்த்தால் அவை எதற்கு வந்தன என்பது விளங்கும். அம்பாசடரும் பத்மினியுமாக இருந்த காலத்தில் கார் வாங்குகிறவனுக்குத் தேர்வு கிடையாது, காத்திருப்புதான். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒப்பீடு எதற்கு? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து அந்த வரிசையைக் கலைத்தது. அதற்குப் பிறகும்கூட ஒரு காரின் தோற்றத்தையும் விளம்பரத்தையும் தாண்டி உள்ளே எட்டிப்பார்க்கச் சாமானியனுக்கு வழி குறைவு. நம் சென்னைக் கதையையே எடுத்துக்கொள்ளலாம். வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காருடையது. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. உள்ளே இருந்ததோ வான்கார்ட் என்ற பழைய ஸ்டாண்டர்ட் காரின் வழியில் வந்த 2 லிட்டர் எஞ்சின். அந்த உடம்புக்கு அந்த இழுவை போதவில்லை, பெட்ரோலும் தாங்கவில்லை. சில வருஷங்களிலேயே அந்தக் காரோடு நம் ஊரின் ஒரு கார் கம்பெனிக் கதையும் முடிந்தது. ஷோரூமில் நின்ற காருக்கும் ரோட்டில் ஓடிய காருக்கும் நடுவே இருந்த தூரத்தை, பணம் கட்டுவதற்கு முன்னால் அளந்து சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும்.

பிறகு 1998 வந்தது. கார் பைத்தியங்களுக்கு அது தீபாவளி வருஷம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டாமல் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் சான்ட்ரோ, டேவூ மாட்டிஸ், வருஷக் கடைசியில் டாடா இண்டிகா. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பணத்துக்கு. அதே ஆண்டில் ஹோண்டா சிட்டி, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர். அடுத்த ஆண்டே மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று முழிக்கும் ஒரு தலைமுறை முதன்முறையாக உருவானது. ‘ஓவர்டிரைவ்’ 1998இல் வந்தது, ‘ஆட்டோகார் இந்தியா’ 1999இல். இரண்டும் அந்த முழிப்புக்குப் பதிலாகப் பிறந்தவை என்றுதான் நான் பார்க்கிறேன். ஆட்டோகாரின் தாய் இதழ் இங்கிலாந்தில் 1895இல் தொடங்கியது. காரே குதிரை வண்டி மாதிரி இருந்த காலம் அது. 1928லேயே அவர்கள் முறையான ரோடு டெஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு அந்த ஒழுங்கு முழு உருவில் வந்து சேர ஏழு பத்தாண்டுகள் ஆயின.

எனக்குப் பத்திரிகை வாங்கக் காசு இருந்த மாதங்கள் குறைவு. கோபாலபுரம் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் எடுத்துப் படித்தது உண்டு. நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க் புத்தகக் கடையில் யாரும் விரட்டாத தைரியத்தில் நின்றுகொண்டே முழு இதழையும் முடித்தது உண்டு. ஆனால் என் சேகரம் பெரும்பாலும் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர் கோணியை விரிப்பார். மேல் வரிசையில் போட்டித் தேர்வு கைடுகள், அதற்குப் பின்னால் எஞ்சினியரிங் பாடப் புத்தகங்கள், மூலையில் பாதி சாய்ந்தபடி கார் பத்திரிகைக் கட்டு. சணல் கயிறு இறுக்கியதில் முதல் இதழின் அட்டையில் பள்ளம் விழுந்திருக்கும். நடுப்பக்கத்து போஸ்டரை யாரோ பிடுங்கியிருப்பார்கள், ஸ்டேப்ளர் முள்ளில் சிவப்புத் தாளின் ஒரு துணுக்கு மட்டும் மாட்டிக்கொண்டிருக்கும்.

“அண்ணே, போஸ்டர் இல்லையே?”

“அதான தம்பி பத்து ரூபா குறைச்சுக் குடுக்குறேன்.”

போஸ்டர் போனதில் எனக்கு லாபம்தான். அட்டவணைப் பக்கத்தை யாரும் பிடுங்குவதில்லை.

அந்தக் கட்டுகளில் சில சமயம் அமெரிக்க இதழ்களும் கிடைக்கும். ‘ரோடு அண்ட் டிராக்’, ‘கார் அண்ட் டிரைவர்’. வேஸ்ட் பேப்பராகக் கப்பலில் வந்தது என்பார் கடைக்காரர். நம் ரோட்டில் ஒருநாளும் ஓடப்போகாத கார்களின் எடையையும் பிரேக் தூரத்தையும் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். அது வீண் அறிவு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஒரு எண்ணை எப்படி வாசிப்பது என்று அந்த இதழ்கள் கற்றுக்கொடுத்தன.

வாசிக்கக் கற்றுக்கொடுத்த இன்னொருவர் என் பெரியப்பா. பாடியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று நுண்ணளவுக் கருவிகளோடேயே வாழ்க்கையைக் கழித்தவர். நான் பத்திரிகையைக் கொண்டுபோனால் பின்பக்கத்திலிருந்துதான் திருப்புவார். “எழுத்த அப்புறம் படிச்சுக்கலாம்டா. மொதல்ல நம்பரப் பாரு. நம்பர் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போச்சுன்னா, எழுதினவன் யாரையோ மனசுல வச்சுக்கிட்டு எழுதியிருக்கான்னு அர்த்தம்.” நின்ற இடத்திலிருந்து நூறைத் தொடும் நேரத்தை அவர் லட்சியமே செய்ய மாட்டார். நேராக 20லிருந்து 80க்குப் போவார். அப்போது திண்டிவனம் சாலை நால்வழியாகவில்லை. செங்கல்பட்டு தாண்டி முன்னால் ஒரு கரும்பு லாரி, எதிரே ஒரு பஸ். அந்த இடைவெளியில் மூன்றாவது கியரைப் போட்டு மிதித்தால் கார் எவ்வளவு சீக்கிரம் லாரியைத் தாண்டும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். குடும்பத்தோடு போகிறவனுக்கு உயிர் சம்பந்தப்பட்ட எண் அது. எந்த விளம்பரத்திலும் அது வந்ததில்லை, இன்றும் வருவதில்லை.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் விஷயமே இருக்கிறது. காரின் ஸ்பீடோமீட்டர் உண்மை பேசுவதில்லை. அது குறை அல்ல, விதியே அப்படித்தான். உண்மையான வேகத்தைவிட முள் குறைவாகக் காட்டக்கூடாது, கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். அதனால் எல்லாக் கம்பெனியும் பாதுகாப்புக்காகக் கூட்டியே வைக்கிறது. முள் 100ஐத் தொடும்போது கார் உண்மையில் 94லோ 95லோ இருக்கக்கூடும். கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்து எடுத்த நேரம், ஆகவே, காருக்குச் சாதகமான நேரம். கூடுதலாகக் காட்டும் அளவு காருக்குக் கார் மாறும் என்பதால் இரண்டு கார்களை அப்படி ஒப்பிடவும் முடியாது.

அதனால்தான் பழைய காலத்தில் காரின் பின்னால் ஐந்தாவதாக ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கட்டி இழுத்து வேகம் அளந்தார்கள். பிறகு ஜிபிஎஸ் கருவிகள் வந்தன. ரேஸ்லாஜிக் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வி-பாக்ஸ் அதில் பேர்போனது. கூரையில் காந்தத்தால் ஒட்டும் ஒரு சின்ன ஆன்டெனா, உள்ளே ஒரு பெட்டி. ஒரே நேர்ச்சாலையில் போகும் திசையிலும் வரும் திசையிலும் ஓட்ட வேண்டும், காற்றும் சரிவும் கணக்கில் கழிந்துபோக. பெட்ரோலுக்கு டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே விளிம்புவரை நிரப்பி அளப்பார்கள். கம்பெனி சொல்லும் மைலேஜ் ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி வாங்கின சான்றிதழ் எண். அண்ணா சாலை சிக்னல்களில் ஏசி போட்டு நின்றால் என்ன வரும் என்பதை அது சொல்லாது. இதையெல்லாம் செய்ய டெஸ்ட் டிராக் வாடகை, கருவி, எரிபொருள், இரண்டு மூன்று பேரின் நாட்கள் வேண்டும். கட்டுரையில் அது ஒரு ஓரத்து அட்டவணை. செலவில் அதுதான் பெரும்பங்கு.

அந்த மாதிரி அளவை என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1997 அக்டோபரில் ஸ்வீடனின் ‘டெக்னிக்கன்ஸ் வார்ல்ட்’ பத்திரிகை, அப்போதுதான் வந்திருந்த மெர்சிடஸ் ஏ-கிளாஸைத் தன் வழக்கமான சோதனைக்கு உட்படுத்தியது. குறுக்கே காட்டுமான் வந்தால் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்பி மறுபடி தன் பாதைக்கு வருவது, அவ்வளவுதான் சோதனை. கார் கவிழ்ந்தது. உலகத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றின் கார், ஒரு சின்ன நாட்டுப் பத்திரிகையின் கையில் குப்புற விழுந்தது. கம்பெனி முதலில் மறுத்தது. பிறகு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களையும் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி கருவியை ஏ-கிளாஸ் அத்தனைக்கும் இலவசமாகப் பொருத்தியது. விலை உயர்ந்த கார்களில் மட்டும் இருந்த அந்தக் கருவி சின்னக் கார்களுக்கு இறங்கி வர அது ஒரு பெரிய காரணம். ஒரு பத்திரிகை எல்லாக் காருக்கும் செய்வதை இந்தக் காருக்கும் செய்தது. சலுகை தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் ஏன் தேய்ந்தது? இணையம் வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. மாத இதழின் பக்கங்கள் முந்தின மாதம் மூன்றாவது வாரமே மூடியாக வேண்டும். புதுக் காரைப் பற்றி இந்த நாள்வரை எழுதக்கூடாது என்று கம்பெனி போடும் தடை எல்லாருக்கும் ஒரே நாள் ஒரே மணிக்கு விலகும். வீடியோ அந்த நிமிஷமே வரும், பத்திரிகை வீட்டுக்கு வர வாரங்கள் ஆகும். செய்தியில் அச்சு தோற்கத்தான் செய்யும். அதோடு போயிருந்தால் சோதனையும் எழுத்தும் பிழைத்திருக்கலாம். ஆனால் காசு போன வழி வேறு. வாசகன் கொடுத்த அட்டை விலை, அந்தத் தாளுக்கும் அச்சுக்கும்கூட முழுதாகக் காணாது. மீதியை விளம்பரம் கட்டியது. கார் கம்பெனி மட்டுமல்ல, டயர், ஆயில், பேட்டரி, ஸ்டீரியோ என்று பலர். பலர் கட்டும்போது ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் இதழ் வெளிவரும். அந்தப் பலரும் ஒவ்வொருவராக கூகுளுக்கும் யூடியூபுக்கும் நகர்ந்தார்கள்.

ஏஜெண்ட் கமிஷன், விற்காமல் திரும்பி வரும் பிரதிகள், இவை எப்போதும் உள்ள பாரம். 2019 பட்ஜெட்டில் பத்திரிகைகளுக்கான மெல்லிய பூச்சுத் தாளுக்கும் சேர்த்து 10 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள். அடுத்த ஆண்டு அதை 5 ஆக்கினார்கள். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. கடைகள் திறக்கவில்லை, ரயில் ஓடவில்லை, ஸ்டேஷன் புத்தகக் கடைகள் அடைந்து கிடந்தன. பல பத்திரிகைகள் அந்த மாதங்களில் திரையில் மட்டும் வந்தன. பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய இதழ்களின் இடத்தை ஷாம்பூ பாக்கெட்டுகள் பிடித்தன, திரும்பக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடூரம். 2019 டிசம்பரில் ஒரே அறிவிப்பில் ஒரே நிறுவனம் தன்னிடமிருந்த 22 அச்சு இதழ்களில் 19ஐ நிறுத்தியது. தப்பியவை ‘ஹாட் ராட்’, ‘மோட்டார் டிரெண்ட்’, ‘ஃபோர் வீலர்’ மூன்றும்தான். நிறுத்தப்பட்டதில் ‘ஆட்டோமொபைல்’ இதழும் ஒன்று. டேவிட் ஈ. டேவிஸ் 1986இல் தொடங்கியது. கார் எழுத்தைக் கதை சொல்லும் எழுத்தாக உயர்த்திய மனிதர் அவர். 1968இல் ‘கார் அண்ட் டிரைவ’ரில் அவர் பிஎம்டபிள்யூ 2002 பற்றி எழுதின ஒரு கட்டுரைதான் அந்தக் காரை அமெரிக்காவில் நிலைநிறுத்தியது என்று இன்றுவரை பேசுகிறார்கள். அவர் 2011இல் காலமானார். தன் பத்திரிகையின் சாவை அவர் பார்க்கவில்லை.

பத்திரிகைகள் எல்லாம் சத்தியவான்கள் என்று நான் சொல்லவரவில்லை. கார் கம்பெனி டிக்கெட் போட்டு, ஓட்டலில் தங்கவைத்து, மலைப்பாதையில் ஓட்டக் கொடுத்த காரைப் பற்றி எழுதும்போது பேனா கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். அட்டைப்படத்தில் கொண்டாடிய காரை நாலு வருஷம் கழித்து ‘குறை இருந்தது’ என்று எழுதினதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு இதழும் என் அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கேள்வி கேட்க முடியும். 2003இல் ஒரு காருக்கு எடுத்த 20-80 நேரத்தை, 2013இல் அதே பத்திரிகை அதே முறையில் எடுத்த எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். பத்து வருஷத்தில் நம் கார்கள் எடையில் எவ்வளவு ஏறின, பிரேக்கில் எவ்வளவு முன்னேறின என்று ஒரு ராத்திரியில் கணக்குப் போடலாம்.

இன்றைய வீடியோக்காரர்களில் ஜிபிஎஸ் கருவி வைத்துச் சிரத்தையாக அளக்கிறவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன். தமிழிலும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவற்றில் எண் இல்லை, ‘பிக்-அப் செம்மயா இருக்கு’ இருக்கிறது. எண் இருந்தாலும் அது இருபதாவது நிமிஷத்தில் வாயால் சொல்லப்பட்டு மறைந்துவிடுகிறது, தேடி எடுக்க ஆளில்லை. காசு வாங்கிச் சொல்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021இல் நெறிமுறை போட்டது. அப்படி ஒரு நெறிமுறை தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. பார்க்கிறவன் காசு கொடுப்பதில்லை. அப்படியானால் கொடுக்கிறவர் வேறு யாரோ. அந்த யாரோவுக்கு 80லிருந்து நிற்கும் தூரம் நாலு மீட்டர் கூடுதல் என்பது தெரிந்தே ஆக வேண்டிய அவசரம் இல்லை.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விகடன் குழுமம் 2007இல் ‘மோட்டார் விகடன்’ கொண்டுவந்தபோது அது என்ன செய்தது என்பதை ஆங்கிலப் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள் சரியாக எடைபோட்டதில்லை. அதுவரை கார் அறிவு இரண்டு இடங்களில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பையனிடம், பள்ளிக்கூடம் பாதியில் விட்ட மெக்கானிக்கிடம். இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. டார்க் என்கிற இழுவிசை எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, வருகிறது என்று முன்னவனுக்குத் தெரியும், ஏன் என்று பின்னவருக்குத் தெரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில், கடையில் பேசுகிற தமிழில் போட்டபோது இருவரும் அதே இதழைப் படித்தார்கள். வாசகர்கள் தங்கள் காரைப் பற்றித் தாங்களே எழுதிய பக்கங்கள் எனக்கு அதில் பிடித்தவை. கோயமுத்தூர்க்காரர் ஒருவரும் நாகர்கோவில்காரர் ஒருவரும் ஒரே காரை வேறு வேறு ரோட்டில் ஓட்டி, வேறு வேறு சர்வீஸ் அனுபவத்தைச் சொல்வார்கள். பைக்குக்கு அதில் கொடுத்த இடம் இன்னும் முக்கியம், தமிழ்நாட்டில் வண்டி என்றால் முதலில் அதுதானே.

எங்கள் மெக்கானிக் அண்ணனின் ஷெட் அசோக் நகரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஸ்பானர் மாட்டியிருக்கும் இரும்பு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு பத்திரிகைப் பக்கம் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறது. பழைய ஃபோர்டு ஐகான் வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பக்கம். ஓரங்களில் கிரீஸ் விரல் ரேகை படிந்து பழுப்பாகிவிட்டது, எழுத்து இன்னும் வாசிக்கும்படி இருக்கிறது. போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் ஐகான் தேடி வந்தான். ‘ஜோஷ் மெஷின்’ என்று விளம்பரம் செய்த அந்தக் கார் வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. போனில் தேடியதில் பழைய ரிவ்யூ சுட்டிகள் பலதும் திறக்கவில்லை என்றான். சில தளங்கள் பெயர் மாறி, சில கைமாறி, பக்கங்கள் காணாமல் போயிருந்தன. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இடம் குறைவு. அண்ணன் கதவைத் திறந்து காட்டினார்.

“கம்பெனி போயிட்டான் தம்பி. வண்டி போகலையே. இதப் படிச்சுட்டு வண்டியப் போய்ப் பாரு. சந்தேகம்னா எனக்குப் போன் போடு.”

பையன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான். அந்தப் பக்கத்தை எழுதியவர் யார் என்று அதில் அடியில் பெயர் இருக்கிறது.

இப்போது எனக்கு இருக்கும் கவலை பழைய இதழ்களைப் பற்றியது. இவை வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன. வீடு மாறும்போது, அப்பார்ட்மெண்டுக்குப் போகும்போது, வைத்திருந்தவர் காலமாகும்போது, முதலில் வெளியே போகும் மூட்டை இதுதான். பழைய பேப்பர்க்காரர் தினசரிக்குக் கொடுக்கும் விலையைப் பளபளப்புத் தாளுக்குக் கொடுப்பதில்லை. பொட்டலம் மடிக்க அது ஆகாது, எடை மட்டும் அதிகம். “புக்கு சார் இது, பேப்பர் ரேட் வராது” என்று தனியாகத் தூக்கிவைப்பார். நடைபாதைக் கடைகளும் குறைந்துவிட்டதால் அது நேராக அரைக்கிற மில்லுக்குப் போகிறது.

சட்டப்படி பார்த்தால் இவற்றுக்கு எழும்பூரில் ஒரு வீடு இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் வெளிவரும் புத்தகங்களில் ஒரு பிரதி கன்னிமாரா நூலகத்துக்கு வந்தாக வேண்டும். 1956 திருத்தம் பத்திரிகைகளையும் அதில் சேர்த்தது. கல்கத்தா, மும்பை, டெல்லியோடு அந்த உரிமை நம் ஊருக்கும் கிடைத்தது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த நூலகம் சுமப்பது நாட்டின் எல்லாப் பாடங்களையும். கார் எழுத்தைத் தனியாக எடுத்து, இதழ் வாரியாக, டெஸ்ட் வாரியாக அட்டவணை போட்டு வைக்க அதற்கென்று ஒரு இடம் வேண்டும்.

இந்த ஊரை இந்தியாவின் டெட்ராய்ட் என்று சொல்லிக்கொள்கிறோம். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எண்ணூரில் லேலண்ட், பாடி முழுக்க உதிரிபாகம், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பக்கம் ஹூண்டாய், இன்னொரு பக்கம் 1990இலிருந்து ரேஸ் டிராக். இத்தனை இருந்தும், இங்கே செய்த கார்களைப் பற்றி அளந்து எழுதியது அத்தனையையும் ஒரு மாணவன் உட்கார்ந்து படிக்க ஒரு அறை இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. குரோம்பேட்டை எம்ஐடியில் 1949இலிருந்து ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் சொல்லித்தருகிறார்கள். அந்த அறை அங்கே அமைந்தால் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காரை வடிவமைக்கப்போகிற பையன்களும் பெண்களும், அந்தக் காரை வாங்கியவனுக்கு அது என்னவாக இருந்தது என்பதை அங்கே படிக்கலாம்.

எம்ஐடியோ வேறு எந்தக் கல்லூரியோ, அலமாரி போட்டுத் தரத் தயாராக இருந்தால் என் இதழ்களை நான் கொடுத்துவிடுகிறேன். நூற்றாண்டு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஊரடங்கு வரை இருக்கிறது, நடுவில் விட்டுப்போன மாதங்கள் உண்டு, போஸ்டர்கள் பலதில் இல்லை. அட்டவணைப் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணிலும் இதுபோல் ஒரு மூட்டை இருந்தால் பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். விட்டுப்போன மாதங்கள் அதில் இருக்கலாம். வண்டி வைத்து எடுத்துவரும் செலவு என்னுடையது.